பூட்டிய வீடும் லூசியம்மாளின் கிறிஸ்துமஸும்

டிசம்பர் பிறந்துவிட்டால் லூசியம்மாளுக்குக் கால் தரையில் பாவாது. மற்ற மாதமெல்லாம் மூட்டுவலி, முதுகுவலி என்று தைலமும் கையுமாக இருப்பவள், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுப் படி ஏறும்போதே ஆள் மாறிவிடுவாள். பரணிலிருந்து அண்டா இறங்கும். அச்சுமுறுக்கு அச்சுகள் புளிபோட்டுத் துலக்கப்படும். வாசலில் நட்சத்திரம் ஏறும். அவள் கணவர் செபாஸ்டின் நெய்வேலி மைன்ஸில் டோசர் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மலை மலையாய் மண்ணைத் தள்ளிய மனிதர்தான், ஆனாலும் டிசம்பரில் மனைவிக்குக் குறுக்கே போகமாட்டார். "டோசருக்காவது பிரேக் உண்டு" என்பார்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. லூசியம்மாள் பிறந்தது கடலூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில். அப்பா மாதா கோவிலில் மணியடித்து, கோவில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக் குடும்பம் நடத்தியவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் ஏழைக் குடும்பங்களின் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்கள் எல்லோர் முன்னாலும் நடந்துபோய்த் துணிமணி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் லூசிக்கு மஞ்சள் கவுன் கிடைத்தது. எவ்வளவு ஆசையாகப் போட்டுக்கொண்டு திருநாள் பூசைக்குப் போனாள்! பக்கத்தில் முழங்காலிட்டிருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐ, இது என்னோடது. பின்னாடி மை கொட்டியிருக்கும் பாரு" என்றாள். பார்த்தாள், மை இருந்தது. பாலன் இயேசுவை முத்தமிடப் போகும் வரிசையில் கையைப் பின்னால் கட்டி அந்தக் கறையை மறைத்துக்கொண்டே நின்றவள், அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இனிமேல் கொடுப்பதோடு சரி. ஒருத்தர் கையிலும் ஒன்றும் வாங்குவதில்லை.

செபாஸ்டினைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்ததும், அந்த வைராக்கியத்துக்குத் தோதான ஊராகவே அமைந்தது. குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே அச்சு. எல்லா வீட்டிலும் ஒரே தேதியில் சம்பளம். தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்து, ரம்ஜானுக்கு இன்னொரு வீட்டிலிருந்து, கிறிஸ்துமஸுக்கு லூசியம்மாள் வீட்டிலிருந்து என்று பலகாரத் தட்டு பிளாக் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். லூசியம்மாள் அதிலும் ஒருபடி மேலே போனாள். யாராவது நாலு அதிரசம் அனுப்பினால் மறுநாளே எட்டு முறுக்காகத் திரும்பிப் போய்விடும். அவளிடம் யாரும் ஒரு கை மேலே இருந்துவிட முடியாது. நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த நல்ல மனசுக்குள் ஒரு முறைப்பும் இருந்தது.

ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். தெருவில் பாதிப்பேர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, மீதிப்பேர் வயல் வேலை. லூசியம்மாளின் தட்டு இங்கேயும் வீடு வீடாகப் புறப்பட்டது. தெரு முழுக்கச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. கோடி வீட்டுக் கலியம்மாளைத் தவிர.

கலியம்மாள் புருஷனை இழந்தவள். மூன்று மாடு வைத்துப் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றியும், களையெடுத்தும், சீசனில் முந்திரிக்கொட்டை பொறுக்கியும் மகனை ஆளாக்கித் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பியவள். வீடு சின்னதுதான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த மாட்டுக்கொட்டகை பெரிது. தகரக் கூரையும் உயர்த்தின மண் தரையுமாக, அந்தத் தெருவிலேயே அகலமான கூரை அதுதான். மாட்டுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள்.

முதல் வருஷம் தட்டை வாங்கிக்கொண்டவள், அடுத்த வருஷத்திலிருந்து கிறிஸ்துமஸ் வந்தால் வாசலில் பூட்டைத் தொங்கவிட்டு விடுவாள். ஊருக்குப் போயிருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. பால் தவறாமல் சொசைட்டிக்குப் போகும். கொல்லையில் புகை எழும். கதவில் மட்டும் பூட்டு. கொட்டகை வழியாகவே போக வர இருப்பாள். தெருவில் எதிரே வந்தால் சட்டென்று சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

"நம்ம சாமி அவளுக்கு ஆகாது போல" என்றார் செபாஸ்டின்.

"ஆகாமலா வேளாங்கண்ணிக்கு மாலை போட்டுக்கிட்டுப் போறவங்களுக்குத் தூக்குல மோர் கொண்டுபோய்க் குடுக்கறா? இது வேற என்னமோ" என்றாள் லூசியம்மாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் போகிற தட்டு ஒரு வீட்டுக்குள் மட்டும் போகவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. முதலில் அது வருத்தமாக இருந்தது. போகப்போகப் போட்டியாகிவிட்டது.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் இன்னும் பெரிதாகத் திட்டம் போட்டுவிட்டாள். வடக்குத்துக்கு வெளியே கரும்புக் கொல்லையை ஒட்டி, கரும்பு வெட்ட வந்த கூட்டம் ஒன்று பிளாஸ்டிக் தாளால் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். குஞ்சும் குளுவானுமாக ஐம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்ததால் வெட்டு நின்றுபோய், வேலையும் இல்லாமல் ஊருக்கும் போகமுடியாமல் கஞ்சியோடு கிடந்தார்கள். செபாஸ்டினோடு சந்தைக்குப் போகிற வழியில் இதைப் பார்த்த லூசியம்மாள் நேராகக் கூடாரத்துக்குள் நுழைந்து மேஸ்திரி தனகோட்டியைப் பிடித்துவிட்டாள்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு மத்தியானம் இங்க ஒரு அடுப்பும் எரியக் கூடாது. எல்லாரும் நம்ம வீட்டுல பிரியாணி. பிள்ளைங்க ஒண்ணு விடாம வரணும்."

தனகோட்டி திகைத்துப்போய், "எல்லாருமாங்க?" என்றார்.

"எல்லாருந்தான்!"

வீடு வரும்வரை அவளுக்கு வாய் ஓயவில்லை. கோழி எத்தனை கிலோ, அரிசி எங்கே, வாசலில் பந்தல் போட யாரைக் கூப்பிடுவது, கல்லடுப்பு எந்த மூலையில். செபாஸ்டின் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். பெண்ணைச் சென்னையில் கட்டிக்கொடுத்த பிறகு பண்டிகை நாளில் வீடு வெறிச்சென்று கிடந்தது. இந்த வருஷம் வாசல் நிறையப் பிள்ளைகள் ஓடும் என்று நினைத்துப் பார்த்தாலே அவருக்கு நன்றாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிற்பகல். தட்டெல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று, கலியம்மாள் வீடு மட்டும்தான் பாக்கி. பூட்டு வழக்கம்போலத் தொங்கியது. இந்த வருஷம் விடுவதில்லை என்று லூசியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மாட்டுக்காரி எங்கே போனாலும் சாயங்காலம் பால் ஊற்ற வந்துதானே ஆகவேண்டும்? அதிரசம், அச்சுமுறுக்கு, கல்கல், ஒரு துண்டு கேக் எல்லாம் வைத்து, பூப்போட்ட துணியால் மூடி, தட்டோடு சொசைட்டி வாசலில் போய்க் காவல் நின்றுவிட்டாள். திருடனைப் பிடிக்க மப்டியில் நிற்கும் போலீஸ்கூட அவ்வளவு முனைப்போடு நின்றிருக்கமாட்டார்.

கலியம்மாள் பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பினாள். எதிரே தட்டு.

"ஹேப்பி கிறிஸ்துமஸ் கலியம்மா! இப்ப எங்க ஓடுவ?" என்று சிரித்தாள் லூசியம்மாள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

கலியம்மாள் சிரிக்கவில்லை. "என்னை நிம்மதியா இருக்க வுடமாட்டீங்களா யக்கா?" என்றாள்.

"நான் என்ன பண்ணேன்? பலகாரம்தானே?"

"மொத வருசம் வாங்கனேன். நல்லாத்தான் இருந்துச்சு. தட்டைச் சும்மா குடுக்கக் கூடாதில்ல? அன்னிக்குத்தான் எங்க செவல மாடு கண்ணு போட்டுருந்துச்சு. சீம்பாலைக் காச்சி, வெல்லம் ஏலக்கா தட்டிப்போட்டு எடுத்துகினு வந்தேன். எங்க வூட்டுல அதுக்கு மேல ஒசந்தது ஒண்ணும் கெடையாது. அப்ப நீங்க என்னா சொன்னீங்க?"

லூசியம்மாளுக்கு அந்தக் காட்சி அப்படியே நினைவுக்கு வந்தது. டவுன்ஷிப்பிலிருந்து அன்பியம் என்ற ஜெபக் குழுவின் பெண்கள் எல்லோரும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பாத்திரத்தோடு கலியம்மாள். 'ஐயோ, உனக்கு எதுக்கு இதெல்லாம்? நீயே கஷ்டப்படறவ. கொண்டுபோய்ப் புள்ளைக்குக் குடு' என்று பாத்திரத்தை அவள் கையிலேயே திருப்பித் திணித்து அனுப்பிவைத்தாள். அதோடு விட்டாளா? அடுத்த அன்பியக் கூட்டத்தில், ஏழையிடமிருந்து வாங்காத தன் இரக்கத்தை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லி, 'நல்ல மனசு லூசி உனக்கு' என்று பேரும் வாங்கிக்கொண்டாள்.

"அத்தினி பேரு எதுர்ல திருப்பி அனுப்பிட்டீங்க" என்றாள் கலியம்மாள். "ஒங்க கிட்ட வாங்கறதுக்கு நான் வேணும். ஒங்களுக்குக் குடுக்கறதுக்கு நான் ஆவமாட்டேன். அப்ப நான் யாரு, பிச்சக்காரியா? ஒழைக்கிறேங்க நானு."

கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். லூசியம்மாள் தட்டோடு வீடு வந்து சேர்ந்தாள். செபாஸ்டின் என்னவென்று கேட்டதற்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மை கொட்டியிருக்குன்னு சொன்னது ஒரு சின்னப் புள்ள. நான் எழவெடுத்த அறுபது வயசுக்காரி" என்று அழுதாள். மஞ்சள் கவுன் கதையை அவள் கணவரிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

அன்று இரவு டவுன்ஷிப் கோவிலில் பாட்டும் விளக்குமாய்ப் பூசை அமர்க்களப்பட்டது. மரியாளுக்கும் சூசையப்பருக்கும் விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று வாசகம் வாசித்தபோது லூசியம்மாள் தலை நிமிரவே இல்லை. வெளியே வானத்தைப் பொத்துக்கொண்டு மழை ஊற்றியது.

விடிந்தபோது வாசல் பந்தல் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. கல்லடுப்பு தண்ணீருக்குள் இருந்தது. தார்ப்பாய் காற்றில் பறந்துபோய், விறகு ஊறிக் கனத்துக் கிடந்தது. மழை விட்டபாடில்லை. வீட்டுக்குள்ளே மசாலா தடவிய கோழி அண்டா நிறைய இருக்கிறது, அரிசி கழுவியாயிற்று, வெங்காயம் மலையாய் நறுக்கியாயிற்று. கேஸ் அடுப்பில் அந்த அண்டாவை ஏற்றினால் அடுப்புதான் நசுங்கும். ஏற்றினாலும் ஐம்பது பேரை எங்கே உட்காரவைப்பது? கூடத்தில் சோபாவைத் தூக்கி வெளியே போட்டாலும் பத்துப்பேர்தான் உட்காரலாம்.

"பரோட்டா பார்சல் சொல்லிடலாமா?" என்றார் செபாஸ்டின் மெதுவாக.

லூசியம்மாள் பார்த்த பார்வையில் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அடுப்பு மூட்டாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேங்க" என்றாள் அவள். "அந்தப் புள்ளைங்க காலையில இருந்து ஒண்ணும் திங்காம, மத்தியானம் பிரியாணின்னு காத்துக்கிட்டு இருக்கும்." கூடாரத்தில் ஈரத் தாளுக்குக் கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவள் கண் முன்னால் வந்தார்கள்.

இருவருமே கோடி வீட்டின் பக்கம் பார்த்தார்கள். அகலமான தகரக் கூரை. அதன் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கிவைத்த முந்திரி விறகு, சொட்டு மழை படாமல். தெருவில் வேறு எங்கே போனாலும் இது கிடைக்காது. இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனால் யார் வாயைத் திறப்பது?

"நான் வேணா போய்க் கேக்கறேன்" என்றார் செபாஸ்டின்.

"வேணாம். நான் போறேன். நான்தான் போகணும்."

போவதாகச் சொல்லிவிட்டாளே தவிர, வாசற்படியில் காலை எடுத்து வைக்க முடியவில்லை. நேற்று அத்தனை பேர் நடுவில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவள் இன்றைக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? அதற்கும் மேலே, கேட்டுப் பழக்கமே இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு உழக்குச் சர்க்கரை, ஒரு கொத்துக் கறிவேப்பிலை என்று ஒரு வீட்டு வாசலில் போய் நின்றவள் இல்லை. பழக்கதோஷம், வெறுங்கையோடு போகக்கூடாதே என்று கை தட்டைத் தேடியது. எடுத்த தட்டை அப்படியே வைத்துவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

முன்வாசலில் பூட்டு. சந்து வழியாகச் சேற்றில் வழுக்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கலியம்மாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி தவிட்டுக்குள் கையை விட்டாள்.

"கலியம்மா" என்றாள் லூசியம்மாள். மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். "எனக்கு ஒரு உதவி வேணும் கலியம்மா. உன்னை விட்டா எனக்கு வேற ஆள் இல்லை."

கலியம்மாள் கையிலிருந்த தவிட்டை உதறினாள். "என்னா ஒதவி?"

லூசியம்மாள் எல்லாவற்றையும் கொட்டினாள். கரும்பு வெட்ட வந்தவர்கள், அடுப்பு மூட்டாதீர்கள் என்று தான் சொல்லிவைத்தது, நனைந்த விறகு, விழுந்த பந்தல். சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. கூரை விளிம்பிலிருந்து வழியும் தண்ணீர் அவள் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"உள்ள வந்து நின்னு பேசறது. மழையில எதுக்கு நனஞ்சுகினு?" என்றாள் கலியம்மாள். பிறகு, "புள்ளைங்க எத்தினி இருக்கும்?" என்றாள்.

"இருபதாவது இருக்கும். கைப்புள்ளைங்ககூட இருக்கு."

கலியம்மாள் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். விறகைப் பார்த்தாள். அவள் யோசிப்பது லூசியம்மாளுக்கு ஒரு யுகமாக இருந்தது.

"மாட்டை அந்தக் கோடியில புடிச்சிக் கட்டிப்புடலாம். தரையைக் கூட்டிட்டு வைக்கோலைப் பரப்புனா எல்லாரும் குந்தலாம். வெறகு காஞ்சு கெடக்குது. ஆனா ஒண்ணு."

"சொல்லு."

"எங்கொட்டாயில ஆக்கறதுன்னா அது எங்க வூட்டு விருந்துங்க. நானுந்தான் போடுவேன். என் கையில இருக்கறதையும் போடுவேன். அப்ப வந்து வேணாம், நீ வெச்சுக்கோன்னு சொல்லக் கூடாது."

லூசியம்மாள் கலியம்மாளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லமாட்டேன். நேத்து நீ சொன்னதெல்லாம் சரி. நான் பண்ணது தப்பு கலியம்மா, பெரிய தப்பு."

"அதை அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல அண்டாவை எடுத்துகினு வரச் சொல்லுங்க அண்ணனை" என்றாள் கலியம்மாள். கையை உடனே விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

அப்புறம் அந்தத் தெரு பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! செபாஸ்டினும் பக்கத்து வீட்டுத் துரைராஜும் அண்டா வளையங்களில் கம்பு கொடுத்து, தலைக்குமேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி மழையில் தூக்கிவந்தார்கள். அரிசி ஒருத்தர் தலையில், மசாலா இன்னொருத்தர் இடுப்பில். கலியம்மாள் துடைப்பத்தைச் சுழற்றிய வேகத்தில் சாணமும் கூளமும் போன இடம் தெரியவில்லை. மாடுகள் மூன்றும் கோடிக்குப் போய் நின்று, இதென்ன கூத்து என்று காதை ஆட்டிப் பார்த்தன. முந்திரி விறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் வாசனை கிளம்பி, அழைக்காத வீட்டுக்காரர்களும் என்னவோ உதவி செய்கிற சாக்கில் கொட்டகைக்குள் வந்துவிட்டார்கள்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. விறகை அள்ளி அள்ளி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்த கலியம்மாளைப் பார்த்ததும் லூசியம்மாளுக்குப் பழைய வியாதி கிளம்பியது. "கலியம்மா, இந்த விறகுக்கு எவ்வள..." என்று ஆரம்பித்தாள். செபாஸ்டின் டோசர் பெடலை மிதிக்கிற மாதிரி அவள் காலை ஒரு மிதி மிதித்தார்.

"எவ்வள... எவ்வளவு நல்லா எரியுது பாரேன்!" என்று முடித்தாள்.

கலியம்மாள் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

அதைவிடப் பெரிய சோதனை தயிர் உருவத்தில் வந்தது. பச்சடிக்கு லூசியம்மாள் பாக்கெட் தயிர் வாங்கிவைத்திருந்தாள். கலியம்மாள் வீட்டுக்குள் போய் உறி போட்டுத் தொங்கிய பானையையே இறக்கிக்கொண்டு வந்தாள். கத்தியால் வெட்டி எடுக்கலாம், அப்படிக் கெட்டித் தயிர். நாளைக்கு முத்தாண்டிக்குப்பத்துக் கடைக்குப் போகவேண்டிய தயிர் என்பது தெருவுக்கே தெரியும். விற்கவேண்டியதை எடுத்துவிட்டாளே, நாளைக்கு என்ன செய்வாள், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று லூசியம்மாளின் தொண்டை வரை வார்த்தை வந்துவிட்டது. விழுங்குவது லேசாக இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "கொண்டா இங்க, வெங்காயத்தைப் போட்டுக் கலக்கறேன்" என்றாள். பாக்கெட் தயிரை ஓசைப்படாமல் தன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினாள்.

மழை கொஞ்சம் ஓய்ந்து தூறலான நேரத்தில் தெருமுனையில் கூட்டம் தெரிந்தது. சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்துகொண்டு தனகோட்டியின் ஆட்கள் வந்தார்கள். நனைந்து, நடுங்கி, இவ்வளவு பேரும் வரலாமோ கூடாதோ என்று தயங்கித் தயங்கி வந்தவர்களை, "வாங்க வாங்க, உள்ள வாங்க, வைக்கோல்ல குந்துங்க, சூடா இருக்கும்" என்று கலியம்மாள் கூப்பிட்ட கூப்பாட்டில் தெருவே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டன. ஒரு கைப்பிள்ளைக்காரி நேராகப் போய் மாட்டின் கதகதப்பில் ஒண்டி உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். லூசியம்மாளுக்கு அதைப் பார்த்ததும் மயிர்க்கூச்செறிந்தது. வருஷா வருஷம் பொம்மையை வைத்துக் குடில் ஜோடிக்கிறோமே, அது இதுதானே, இடம் கேட்டு நின்றவர்களுக்கு யாரோ ஒருத்தி மாட்டைத் தள்ளிக் கட்டிவிட்டுக் கொடுத்த இடம்தானே என்று தோன்றியது. அந்த ஒருத்திக்கு என்ன பேர், வேதத்தில் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

இலை போட்டார்கள். பிரியாணி பொலபொலவென்று விழுந்தது, ஆவி கூரை வரை போனது. தயிர்ப் பச்சடி, முட்டை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கால் துண்டு. மெல்லுகிற சத்தமும், தகரத்தில் தூறல் விழுகிற சத்தமும்தான். பிறகு ஒரு பையன், "இன்னும் கெடைக்குமா?" என்று கேட்டான். "கெடைக்கும்டா ராசா!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். கொட்டகையே சிரித்தது.

முதல் பந்தி எழுந்தது. கைப்பிள்ளைக்காரி கை கழுவிவிட்டு லூசியம்மாளிடம் வந்தாள். கழுத்தில் செயின், கையில் கரண்டி, வீட்டுக்காரம்மா இவள்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ரொம்ப நல்லாருந்துச்சிம்மா. இது ஒங்க வூடா? சாமி ஒங்கள நல்லா வெக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கலியம்மாள் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கரண்டி கையில் அப்படியே நின்றது. லூசியம்மாளின் முகத்தையே பார்த்தாள்.

கோழி வாங்கியவள் லூசியம்மாள். அரிசி வாங்கியவள் அவள். கூடாரத்துக்குப் போய் அழைத்தவள் அவள். வாழ்நாளெல்லாம் இந்தக் கும்பிடுக்காகத்தான் அவள் அண்டா இறக்கினாள் என்றாலும் தப்பில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் வூடு இல்லம்மா" என்றாள். "இவங்க வூடு. நானும் உங்களை மாதிரி இவங்க வூட்டுக்குச் சாப்பிட வந்தவதான்."

கைப்பிள்ளைக்காரி திரும்பிக் கலியம்மாளைக் கும்பிட்டாள். கலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புள்ளைக்குப் பனி பிடிக்கப் போவுது, மூடும்மா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் பந்திக்கு இலை விழுந்தபோது லூசியம்மாள் புடவையை ஒதுக்கிக்கொண்டு, தனகோட்டிக்கும் ஒரு குட்டிப் பெண்ணுக்கும் நடுவில் வைக்கோலில் உட்கார்ந்தாள். எந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவள் பந்தியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வதுதான் அவள் விருந்து. முழங்கால் மடக்க வலித்தது. செபாஸ்டின் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

கலியம்மாள் அண்டாவோடு வரிசையாக வந்தாள். லூசியம்மாளின் இலைக்கு முன்னால் நின்றாள். முதலில் ஒரு கரண்டி பிரியாணி. பக்கத்தில் தயிர்ப் பச்சடி. லூசியம்மாள் பச்சடியைத் தொட்டு ஒரு வாய் வைத்தாள். தயிர் புளிக்காமல், மணலாய் உடையாமல், அப்படியொரு ருசி. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை.

"போதுமா யக்கா?" என்றாள் கலியம்மாள்.

லூசியம்மாள் இரண்டு கையையும் இலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் விலக்கிவைத்துக்கொண்டாள்.

"போதாது. இன்னும் வை கலியம்மா" என்றாள்.

கலியம்மாள் அண்டாவுக்குள் குனிந்து, நல்ல துண்டாகத் தேட ஆரம்பித்தாள்.